மரக்காணமா, பாண்டிச்சேரியா? எல்லையோரத்தின் இருநூறு வருடக் கணக்கு

பென்ஷன் வாங்குகிறவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால், பேச்சு சர்க்கரை, முழங்கால் வலி, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வியில் வந்து நிற்கும். “பேசாம பாண்டிக்கே போயிடலாமா?” மரக்காணத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இந்தக் கேள்வி எழாத வீடு குறைவு. பெட்ரோல் அங்கே மலிவு, பெரிய ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது என்பார் ஒருவர். இங்கே சொந்த வீடு, ரேஷன் அரிசி, நூறு யூனிட் மின்சாரம் இலவசம் என்பார் இன்னொருவர். ஆளுக்கொரு பட்டியல்.

நானும் என் மனைவியும் சென்ற வருடம் இந்தப் பட்டியலை ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினோம். கருவூலத்தில் வரவு செலவு பார்த்தே தலை நரைத்தவன் என்பதால் எனக்கு இது பழகிய வேலை. இடது பக்கம் மரக்காணம், வலது பக்கம் பாண்டிச்சேரி. எழுதிக்கொண்டே போனபோது, இந்தக் கணக்கை நமக்கு முன்னால் இந்தக் கரையில் எத்தனையோ பேர் போட்டிருக்கிறார்களே என்று தோன்றியது. நோட்டு இல்லாமல், மனத்துக்குள்ளேயே போட்டிருப்பார்கள். அவர்கள் கணக்கெல்லாம் எப்படி முடிந்தது என்று தெரிந்தால் நம் கணக்குக்கு உதவும் அல்லவா? அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நிலத்தைச் சொல்லிவிடுகிறேன். மரக்காணத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் அனுமந்தை, கூனிமேடு, கீழ்ப்புத்துப்பட்டு எல்லாம் தமிழ்நாடு. கனகசெட்டிகுளம் வந்ததும் புதுச்சேரி மாநிலம். காலாப்பட்டு தாண்டினால் மறுபடியும் தமிழ்நாடு: பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம். அதையும் தாண்டி முத்தியால்பேட்டை போனால் திரும்பவும் புதுச்சேரி. ஒரு மணி நேரப் பஸ் பயணத்தில் மூன்று முறை மாநிலம் மாறுகிறோம். தூங்கிக்கொண்டு போகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. பெட்ரோல் பங்க்கையும் மதுக்கடைப் பலகையையும் பார்த்துத்தான் எந்தப் பக்கம் இருக்கிறோம் என்று கண்டுகொள்ள வேண்டும். நவாபுகளும் கம்பெனிகளும் ஊர் ஊராக வாங்கியும் கொடுத்தும் பிடித்தும் விட்டும் கிழித்த கோடு இது. அதனால்தான் கிழிந்த துணியை ஒட்டுப் போட்டதுபோல இருக்கிறது.

உப்பு விலையைச் சமன் செய்த ஒப்பந்தம்

எங்கள் ஊரின் தொழில் உப்பு. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர்களில் பலருடைய கருத்து. பூமீஸ்வரர் கோயில் கல்வெட்டுகளிலும் அந்தப் பெயர் இருக்கிறது. ஓய்மாநாட்டு நல்லியக்கோடன் காலத்து ஊர். உப்பை வண்டியில் ஏற்றிக் குடும்பத்தோடு ஊர் ஊராகப் போன உமணர்களைச் சங்கப் பாட்டுகளில் பார்க்கிறோம். அன்றைக்கு ஒரு படி உப்புக்கு ஒரு படி நெல் என்று மாற்றிக்கொண்டார்கள். விலையைக் கடலும் வயலும் தீர்மானித்தன.

அது மாறியது 1805இல். அந்த வருடம் சென்னை ராஜதானியில் கிழக்கிந்தியக் கம்பெனி உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. பாத்தி கட்டி உப்பு வாருகிறவர் கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும். கம்பெனி வைத்த விலைக்குத்தான் ஜனங்கள் வாங்க வேண்டும். ஆனால் கம்பெனிக்கு ஒரு தொந்தரவு இருந்தது. பக்கத்திலேயே பிரெஞ்சுக்காரர்களின் பாண்டிச்சேரியும் காரைக்காலும் இருந்தன. அங்கேயும் உப்பளங்கள் இருந்தன. அங்கே மலிவாக விளைந்த உப்பு, ராத்திரியில் தலைச்சுமையாக இந்தப் பக்கம் வந்துவிட்டால் ஏகபோகம் என்ன ஆகும்?

நெப்போலியன் போர்கள் முடிந்து பாண்டிச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பிக் கொடுக்கும் நேரத்தில் இதற்கு வழி செய்துகொண்டார்கள். 1815ஆம் வருட ஒப்பந்தப்படி, பிரெஞ்சுப் பகுதியில் விளைந்து அங்கத்திய செலவுக்குப் போக மிஞ்சும் உப்பை வாங்கும் உரிமை ஆங்கிலேயருக்கு வந்தது. அதற்கு ஈடாக வருடம் 4 லட்சம் சிக்கா ரூபாய். 1818இல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பிரெஞ்சுப் பகுதியில் உப்புக் காய்ச்சுவதையே நிறுத்திவிடுவது, அதற்கு வருடம் 4,000 நட்சத்திர வராகன், அதாவது 14,000 ரூபாய், இழப்பீடு தருவது, பாண்டிச்சேரி ஜனங்களுக்கு வேண்டிய உப்பை ஆங்கிலேயர் அடக்க விலைக்குக் கொடுப்பது என்று முடிவாயிற்று. அந்த உப்பைப் பிரெஞ்சு அரசு தன் ஜனங்களுக்கு விற்கும்போது, ஆங்கிலேயப் பகுதி விலைக்கு ஏறத்தாழச் சமமாக விற்க வேண்டும்.

இந்தக் கடைசி ஷரத்தைக் கவனியுங்கள். இரண்டு அரசுகள் உட்கார்ந்து பேசி, எல்லைக்கு இரண்டு பக்கமும் உப்பு விலை வித்தியாசப்படாதபடி பார்த்துக்கொண்டார்கள். இழப்பீடும் உப்பளச் சொந்தக்காரர்களை முன்னிட்டுத்தான் எழுதப்பட்டது. முழங்கால் அளவு உப்பு நீரில் நின்று கூலிக்கு வாரியவரை முன்னிட்டு அல்ல. பாத்தியில் நின்றவர் வேறு பிழைப்புத் தேட வேண்டியதாயிற்று.

பிரெஞ்சுக்காரருக்கு விலை வித்தியாசம் என்ன செய்யும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் சொந்த நாட்டிலேயே புரட்சிக்கு முன்பு மாகாணத்துக்கு மாகாணம் உப்பு வரி வேறு வேறு. கபேல் என்று அந்த வரிக்குப் பெயர். பிரிட்டனி மாகாணத்தில் உப்பு வரியே கிடையாது. கோட்டைத் தாண்டிப் பக்கத்து மாகாணத்துக்குப் போனால் விலை இருபது மடங்குக்கும் மேல். அங்கே இருந்த ஜனங்கள் மலிவான மாகாணத்துக்கு மூட்டை கட்டிக் குடிபோய்விடவில்லை. நிலமும் வீடும் உறவும் எங்கே இருந்ததோ அங்கேயே இருந்தார்கள். உப்பை மட்டும் எல்லை தாண்டிக் கொண்டுவந்தார்கள். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் கடத்தினார்கள். பிடிபட்டால் சிறை, ஆயுதத்தோடு பிடிபட்டால் கப்பலில் துடுப்புப் போடும் தண்டனை. 1790இல் புரட்சி அரசு அந்த வரியை ஒழித்தது. எல்லையோரத்து மனிதர் உலகம் முழுக்க ஒரே மாதிரிதான்: வாழ்வது ஒரு பக்கம், வாங்குவது ஒரு பக்கம்.

நம் பக்கத்துக்கு வருவோம். 1882இல் அரசாங்க மணங்கு ஒன்றுக்கு உப்பு வரி 2 ரூபாய். இந்த மணங்கு 82 பவுண்டு, அதாவது சுமார் 37 கிலோ. 1888இல் இரண்டரை ரூபாய் ஆக்கினார்கள். பிறகு 1903இல் 2, 1905இல் ஒன்றரை, 1907இல் 1 என்று இறங்கி, 1916இல் ஒன்றேகால் ஆகி, 1923இல் சட்டசபை மறுத்தும் வைஸ்ராய் தன் அதிகாரத்தால் மறுபடி இரண்டரை ஆக்கினார். அடுத்த வருடமே ஒன்றேகாலுக்கு இறங்கியது. ஐந்து பேரும் ஒரு மாடும் உள்ள வீட்டுக்கு வருடம் ஒரு மணங்கு என்று வைத்துக்கொண்டால், உழைப்பாளியின் பல நாள் கூலி அந்த வரிக்கே போயிருக்கும். மரக்காணத்து உப்பு பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகில் சென்னைக்குப் போனது. அந்தக் கால்வாயின் தென்கோடி நம் ஊர்தான். உப்பு வாரியவரும் அதே வரி கட்டித்தான் தன் சோற்றுக்கு உப்புப் போட்டார். 1930இல் காந்தி தண்டிக்கும் ராஜாஜி வேதாரண்யத்துக்கும் நடந்ததன் பொருள் உப்பளத்துக்காரனுக்குத்தான் முதலில் புரிந்திருக்கும். வரி ஒழிந்தது 1947இல்.

இருநூறு வருடக் கணக்கின் முதல் பாடம் இதுதான். எல்லையின் இரு பக்க விலையும் யாரோ போடும் உத்தரவு. இன்றைக்கு வித்தியாசம் இருக்கும், நாளைக்கு ஒரு கையெழுத்தில் சமமாகிவிடும்.

அப்படியானால் எதற்காக எல்லை தாண்டினார்கள்?

தாண்டத்தான் செய்தார்கள். இந்தக் கரையில் நடந்த மூன்று பெரிய போக்குவரத்துகளைச் சொல்கிறேன்.

முதலாவது, கப்பல் ஏறியவர்கள். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. பாண்டிச்சேரியும் காரைக்காலும் ஆள் ஏற்றும் துறைமுகங்கள் ஆயின. 1860, 1861ஆம் வருட ஒப்பந்தங்களுக்குப் பிறகு ஆங்கிலேய இந்தியாவிலும் ஆள் திரட்ட அனுமதி கிடைத்தது. தென்னாற்காட்டுக் குடியானவருக்குப் பாண்டிச்சேரித் துறைமுகம் ஒரு நாள் நடை. ஐந்து வருட ஒப்பந்தம், மாதக் கூலி, சாப்பாடு, முடிந்ததும் திரும்பி வரக் கப்பல். ஆள் பிடிக்கிறவர் சொன்ன கணக்கில் எல்லாம் சரியாக இருந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம் வந்தபோது கணக்குப் பார்க்கவே யாருக்கும் தெம்பு இல்லை.

போன இடத்தில் அபராதம், கூலிப் பிடித்தம், நோய், அடி. வேலைக்கு வராத நாட்களைச் சேர்த்து ஒப்பந்த காலத்தை நீட்டினார்கள். முறையீடுகள் குவிந்து, 1882இல் ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. சில வருடங்களில் மற்றத் தீவுகளுக்கும் நின்றது. திரும்பி வந்தவர் கொஞ்சம். அங்கேயே தங்கிப்போனவர்களின் வாரிசுகள் இன்றும் மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டு, தமிழ்ப் பெயரைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். அவர்கள் போட்ட கணக்கில் பெருக்கல் கழித்தல் பிழை இல்லை. எண்களைக் கொடுத்தவர் போகிறவரின் ஆள் அல்ல, அதுதான் வினை. இன்றைக்கும் இடம் மாறச் சொல்கிறவர் மனை விற்பவராக இருந்தால் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, சட்டத்துக்கு அஞ்சி வந்தவர்கள். 1908இல் பாரதியார் பாண்டிச்சேரி வந்தார். 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்தார்கள். ஒருவரும் அரிசி மலிவு என்று வரவில்லை. ஆங்கிலேயப் போலீஸின் கை எட்டாத இடம் என்று வந்தார்கள். ‘இந்தியா’ பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார்கள். அதை ஆங்கிலேயப் பகுதிக்குள் வரவிடாமல் தடுத்தபோது பத்திரிகை நின்றது. பாரதியார் வீட்டுக் கஷ்டம் எல்லாரும் அறிந்தது. அந்த வறுமையிலும் பத்து வருடம் இருந்தார் என்றால், அவர் கணக்கில் பெரிய இனம் சுதந்திரம். 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைது செய்தார்கள். சில மைல் தூரத்தில் ஒரு மனிதனுடைய நிலைமை அவ்வளவு மாறியது. அந்த வித்தியாசத்தை ரூபாயில் எழுத முடியாது.

மூன்றாவது, பென்ஷனுக்காக நாட்டையே தேர்ந்தெடுத்தவர்கள். இதை நம் வயதுக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

1947க்குப் பிறகு பாண்டிச்சேரி பிரான்சிடமே இருந்தது. 1949இல் சுங்க உடன்பாடு முறிந்து இந்திய அரசு எல்லையில் சுங்கச் சாவடிகள் போட்டது. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு. அங்கே கடிகாரமும் பேனாவும் சீமைச் சரக்கும் தாராளம், இங்கே ஒன்றும் இல்லை. பெரியவர்கள் அந்தக் காலத்துச் சோதனைகளைக் கதைகதையாகச் சொல்வார்கள். அப்போதும் ஜனங்கள் போய் வாங்கினார்கள், குடித்தார்கள், திரும்பி வந்தார்கள். குடிபோனவர் குறைவு.

பிறகு 1954 அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேர வேண்டும் என்றார்கள். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி ஒப்படைப்பு நடந்தது 1962 ஆகஸ்ட் 16இல். அன்றிலிருந்து ஆறு மாதம். அதற்குள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர். எழுதிக் கொடுக்காதவர் தானாகவே இந்தியர்.

பட்டாளத்திலும் சைகோன் போன்ற இடங்களில் பிரெஞ்சு உத்தியோகத்திலும் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இது பெரிய கேள்வி. பிரெஞ்சு அரசின் பென்ஷன், பிள்ளைகளுக்குப் பிரான்சில் படிப்பும் வேலையும் ஒரு தட்டில். ஊர், நிலம், சொந்தபந்தம், ஓட்டு எல்லாம் இன்னொரு தட்டில். சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். மிகப் பெரும்பாலோர் கொடுக்கவில்லை. கேள்விப்படாதவரும், படிக்கத் தெரியாதவரும், ‘இங்கேயே பிறந்து இங்கேயே சாகப்போகிறோம், இதற்கு எதற்குக் காகிதம்’ என்று இருந்துவிட்டவரும் அதில் சேர்த்தி. ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில், அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது. சொல்தா வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் இடையே அடுத்த தலைமுறையில் ஏற்பட்ட தூரம் அந்த ஒரு காகிதத்தால் வந்தது. எழுதிக் கொடுத்தவர்களில் பலர் பாண்டிச்சேரியை விட்டு நகரவே இல்லை. குடியுரிமை அங்கே, குடித்தனம் இங்கே.

இன்றைய பட்டியல்

1963 ஜூலை 1 முதல் பாண்டிச்சேரி ஒன்றியப் பிரதேசம். வரிகள் வேறாக இருந்ததால் அறுபது வருடமாகப் பெட்ரோலும் மதுவும் வண்டிக்கான வரியும் அங்கே மலிவு என்ற பெயர் நிலைத்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் டி.வி., ஃபிரிட்ஜ், துணி, சோப்பு இவற்றின் வரி இரு பக்கமும் ஒன்றாகிவிட்டது. பெட்ரோலும் டீசலும் மதுவும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே நின்றன.

மதுவிலும் ஒரு வேடிக்கை. 2020இல் கொரோனா ஊரடங்கைத் தளர்த்தி மதுக்கடைகளைத் திறந்தபோது, தமிழ்நாட்டு ஜனங்கள் கூட்டமாக வந்துவிடக் கூடாது என்று, தமிழ்நாட்டிலும் கிடைக்கும் வகைகளின் விலை இங்கத்திய விலைக்குச் சமமாகும்படி புதுச்சேரியில் கொரோனா வரி போட்டார்கள். கிட்டத்தட்ட ஒரு வருடம் அது இருந்தது. 1818ஆம் வருட உப்பு ஷரத்தே பாட்டில் வடிவத்தில் திரும்பி வந்ததுபோல இருந்தது எனக்கு.

விலையை விட்டுவிட்டுச் சலுகைகளைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் இலவச அரிசி. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. புதுச்சேரியில் பல வருடங்கள் ரேஷன் கடைகள் மூடிக் கிடந்தன. அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். 2024 தீபாவளியை ஒட்டித்தான் கடைகளை மறுபடி திறந்தார்கள். அங்கத்திய சலுகைகள் பலவற்றுக்குத் தொடர்ந்து சில வருடம் அங்கே குடியிருந்ததற்குச் சான்று கேட்பார்கள். போன அன்றே இந்தப் பக்கத்து உரிமை போய்விடும். அந்தப் பக்கத்து உரிமை வந்துசேர வருடங்கள் ஆகும்.

இது பென்ஷன்காரரைவிட உழைப்பாளியை அதிகம் பாதிக்கும். நம் உப்பளங்களில் ஐப்பசி முதல் மார்கழி வரை வேலை இல்லை. மழையில் பாத்தி கரைந்துவிடும். அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியிருக்கிறது. எல்லைக்கு அப்பால் குடிபோனால் அது இல்லை. ஜாதிச் சான்றிதழ் இன்னொன்று. ஒரு மாநிலத்தின் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர், வேறு மாநிலத்தில் குடியேறினால் அந்தத் தகுதியை அங்கே கூடவே கொண்டுபோக முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990இல் சொன்னது. அதன் பிறகும் இதைப் பற்றி வழக்குகள் நடந்தன. புதுச்சேரியைப் பற்றியே நடந்தது. சிறிய பிள்ளைகள் உள்ள குடும்பம் மாநிலம் மாறும் முன் விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் வீட்டு வாடகை அல்ல, இதுதான்.

அடுத்தது ஆஸ்பத்திரி. 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளி, 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆகி, 1964இல் ஜிப்மர் என்று பெயர் பெற்றது. விழுப்புரம், கடலூர் ஜில்லாக்காரர்களுக்கு அது உயிர் காக்கும் இடம். முண்டியம்பாக்கத்தில் 2010இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்த பிறகும் இருதயம், சிறுநீரகம், புற்று என்றால் ஜனங்கள் பாண்டிக்குத்தான் பஸ் ஏறுகிறார்கள். ஜிப்மர் மத்திய அரசு நிறுவனம். நீ எந்த மாநிலம் என்று கேட்டு வாசலில் நிறுத்துவதில்லை. அதை அனுபவிக்கப் புதுச்சேரிக் குடிமகனாக வேண்டியதில்லை. சீக்கிரம் போய்ச் சேரும் தூரத்தில் இருந்தால் போதும்.

காற்றும் மழையும் இரு பக்கமும் ஒன்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இரண்டு மாநிலத்து மரங்களையும்தான் சாய்த்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை, நம் உப்பளங்கள் எல்லாம் ஒரே ஏரி. நகரத்தில் தண்ணீர் தெருவில் தேங்குகிறது. இங்கே கழுவெளி வாங்கிக்கொள்கிறது, வாங்கி முடியாதபோது ஊருக்குள் வருகிறது.

நோட்டின் கடைசிப் பக்கம்

இவ்வளவையும் வைத்துக்கொண்டு எங்கள் நோட்டுக்கு வந்தேன். எழுதிய இனங்களை மூன்று வகையாகப் பிரித்தேன்.

ஒன்று, உத்தரவால் ஏறி இறங்கும் விலைகள்: பெட்ரோல், வரி, கட்டணம். மாதம் எட்டு லிட்டர் பெட்ரோல் போடும் எனக்கு அதில் மிச்சம் ஒரு வேளைக் காய்கறிச் செலவுக்குக் காணும். இந்த வகையை நம்பி வீட்டை விற்கக் கூடாது என்று 1818ம் 2020ம் சொல்கின்றன.

இரண்டு, காகிதத்தால் வரும் உரிமைகள்: குடும்ப அட்டை, காப்பீட்டு அட்டை, மின் இணைப்பு, சான்றிதழ்கள். விட்டால் திரும்பக் கிடைப்பது கடினம் என்று 1962 சொல்கிறது.

மூன்று, விலைப்பட்டியலில் வராதவை: நல்ல தண்ணீர், ஆஸ்பத்திரி தூரம், தெரிந்த முகங்கள். இந்தக் கரையில் மனிதர்கள் உண்மையாகவே இடம் மாறியது இந்த வகைக்காகத்தான். எங்களுக்கும் எடை இங்கேதான் கூடியது. மரக்காணத்தில் நிலத்தடி நீர் உப்பு, குடிநீருக்குக் குழாயையும் கேனையும் நம்பியிருக்கிறோம். அது இந்தப் பக்கத்துக்குக் கழித்தல். என் மனைவிக்கு இரண்டு வருடமாக இருதயத்துக்கு மருந்து. அதுவும் கழித்தல்தான். ஆனால் அவள் கேட்ட கேள்வி வேறு: “ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டுச்சுன்னா, இங்க கதவத் தட்டுனா நாலு வீடு எழும். அங்க அப்பார்ட்மெண்ட்ல யாருங்க எழுவா?” எழுகிற நாலு வீடும் சேர்ந்தாலும் ஆஸ்பத்திரி ஒரு மணி நேரத்துக்கு அப்பால்தானே என்றேன். இரண்டும் உண்மை. அந்த வரிக்கு எதிரே இரண்டு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

வழி, அந்தப் பழைய எல்லைக் கோட்டிலேயே கிடைத்தது. ஜிப்மர் இருப்பது கோரிமேட்டில். கோரிமேட்டை ஒட்டித் திண்டிவனம் சாலையில் இருக்கும் பட்டானூர் தமிழ்நாடு, வானூர் தாலுகா. அங்கே வாடகைக்கு வீடு பார்த்தால் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம். குடும்ப அட்டையைத் தமிழ்நாட்டுக்குள்ளேயே முகவரி மாற்றிக்கொண்டால் போதும், மாநிலம் மாற வேண்டாம். வாடகை மரக்காணத்தைவிட அதிகம்தான். அதைத்தான் நோட்டில் மருத்துவச் செலவு என்ற தலைப்பில் எழுதினேன். மருந்தோடு நடமாட்டம் இருக்கும்வரை இங்கே. மாதம் இருமுறைக்கு மேல் ஜிப்மர் போக வேண்டி வந்தால் அங்கே. எதுவானாலும் மரக்காணத்து வீட்டை விற்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

உங்கள் கணக்கு வேறாக இருக்கும். பிள்ளை புதுச்சேரியில் இருந்தால், தனியாக இருப்பவராக இருந்தால், இங்கே சொந்த வீடு இல்லையென்றால், வலது பக்கமே கனமாகலாம். எப்படியானாலும் விலையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்த உரிமை போகும், எது எத்தனை வருடம் கழித்து வரும் என்று தாலுகா ஆபீஸிலேயே நேரில் கேளுங்கள். வீட்டை விற்பதற்கு முன், போக நினைக்கும் இடத்தில் ஒரு ஐப்பசி கார்த்திகை வாடகைக்கு இருந்து பாருங்கள். வெயில் காலத்தில் எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும். அடைமழையில் கரண்ட் போன ராத்திரியில்தான் அந்த ஊர் நமக்கு ஒத்துவருமா என்று தெரியும்.